அடைப்புக்குறிக்குள் ஒரு சத்தம்

சைகை பேசுகிறவர்களுக்கு இரண்டு பெயர் இருக்கும். ஒன்று ஆதார் அட்டையில் இருப்பது, இன்னொன்று கையால் காட்டுவது. எங்கள் தொழிற்சாலை லைனில் எனக்கு அடுத்த ஸ்டேஷனில் நின்ற அண்ணனின் கைப்பெயர், இடது புருவத்தில் இருக்கும் வெட்டு. விரலால் புருவத்தைத் தொட்டால் அவர். அவர் மனைவியை நான் அண்ணி என்பேன். அவருடைய கைப்பெயர் கன்னத்துக் குழி. என் பெயர், உதட்டுக்கு முன்னால் ஐந்து விரலையும் சேர்த்துச் சேர்த்துப் பிரிப்பது. வாயாடி என்று அர்த்தம். வைத்தவர் அண்ணன்தான். பொருத்தமாக இருந்ததால் அதையே வைத்துக்கொண்டேன்.

எனக்குப் பேச்சு வந்து, பள்ளிக்கூடமும் போன பிறகுதான் ஒரு காய்ச்சலில் காது போனது. அதனால் வாயில் திருநெல்வேலித் தமிழ் முழுசாக இருக்கிறது. காதில் மெஷின் மாட்டினால் சத்தம் வரும், சொல் வராது. மீதியை உதட்டைப் பார்த்துப் பிடிப்பேன். ஊரில் அது நன்றாகவே நடந்தது. ஒரகடத்துக்கு வேலைக்கு வந்த பிறகுதான், நான் படித்து வைத்திருந்தது எங்கள் ஊர் உதட்டை மட்டும் என்று தெரிந்தது. 'வீடு' என்றால் உதடு பக்கவாட்டில் விரியும். இங்கே 'வூடு' என்று குவிக்கிறார்கள். 'இருக்கு' என்பதற்கு உதட்டில் ஓர் அடையாளம் உண்டு. 'கீது' தொண்டையில் பிறந்து பல்லுக்குப் பின்னாலேயே முடிந்துபோகிறது. எங்கள் சூப்பர்வைசர் உள்ளூர்க்காரர், நல்ல மனிதர், அடர்த்தியான மீசை வேறு. மீசை வைத்த ஆண்கள் என்னிடம் வேலை சொல்வதற்கு முன் ஒரு நிமிஷம் யோசித்தால் புண்ணியமாகப் போகும்.

பேசுவதை எழுத்தாகக் காட்டும் ஆப் ஒன்றைப் போனில் போட்டுக்கொண்டேன். ஷிப்டுக்கு முன் கேன்டீன் வாசலில் ஒரு மீட்டிங் நடக்கும். அதில் சூப்பர்வைசர் முன்னால் போனை நீட்டுவேன். அதற்கும் இந்த ஊர்த் தமிழ் பிடிபடவில்லை. "மெஷினு ஓடிக்கினு கீது, இன்னாத்துக்கு நின்னுகினு கீற" என்று அவர் யாரையோ கேட்டது, 'மெஷின் ஓடி கிணறு கீதா அண்ணாத்தை நின்று கிணறு கீரை' என்று திரையில் வந்தது. கீதா யார் சார், புதுசா சேர்ந்திருக்காவளா என்று கேட்டேன். அவர் போனை வாங்கிப் பார்த்தார். "இன்னாம்மா, உன் போனு டிவில நியூஸ் படிக்கிறவன் வூட்ல பொறந்துச்சா?" என்றார். மறுநாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, "பணியாளர்கள் அனைவருக்கும் காலை வணக்கம். இயந்திரங்கள் இயங்கிக்கொண்டிருக்கின்றன" என்று ஆரம்பித்தார். ஆப் ஓர் எழுத்துப் பிசகாமல் அப்படியே எழுதியது. அன்றிலிருந்து எனக்காக மட்டும் அவர் செய்தித் தமிழில் பேசுவது வழக்கமாகிவிட்டது.

அந்த ஆப்பில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. பேச்சு இல்லாத சத்தங்களை அடைப்புக்குறி போட்டுக் காட்டும். எல்லோரும் சிரித்தால் [சிரிப்பு]. லாரி போனால் [வாகனம்]. சொல்லைக் கன்னாபின்னாவென்று குழப்பும், சத்தத்தை மட்டும் நான் பார்த்தவரை குழப்பியதில்லை.

அண்ணனும் அண்ணியும் பிறவியிலேயே கேட்காதவர்கள். இருங்காட்டுக்கோட்டையில் மாடியில் ஒரு ரூம், கீழே ஹவுஸ் ஓனர் அம்மா. சைகையை நான் அந்த ரூமில்தான் கற்றுக்கொண்டேன், ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்போடு. அவர்கள் இருவரும் பிரிந்திருக்கும்போது பேசிக்கொள்ள வீடியோ கால் ஒன்றுதான் வழி. மெசேஜ் அனுப்பலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். அண்ணி பத்தாவது வரை படித்தவர், சரளமாகப் படிப்பார். அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சைகையில் பாடம் நடத்தவில்லை. கரும்பலகையில் இருப்பதைப் பார்த்துப் பார்த்து முத்துமுத்தாக எழுதக் கற்றார், படிக்கக் கற்கவில்லை.

கம்பெனி கேட்டில் எல்லோருடைய போன் கேமராவிலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். உள்ளே இருப்பதைப் படம் பிடிக்கக் கூடாது. லைனுக்குள் போனதும் போனை லாக்கரில் வைக்க வேண்டும். இடைவேளையில் எடுத்து மற்றவர்கள் ஊருக்குப் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், காதலிப்பார்கள். ஸ்டிக்கரால் அவர்களுக்கு ஒரு குறைவும் இல்லை. அண்ணனுக்கு அது வாயில் பிளாஸ்திரி ஒட்டிய மாதிரி. இரண்டு வருஷமாக அதையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தார். அண்ணி இரண்டாவது முறை உண்டான பிறகுதான் அவரால் பொறுக்க முடியவில்லை.

முதல் குழந்தை தங்கவில்லை. அது அண்ணியின் ஊர்ப்பக்கத்து ஆஸ்பத்திரியில் நடந்தது. அண்ணன் வெளியே நின்றிருந்தார், அண்ணி உள்ளே தனியாக. எல்லோர் முகத்திலும் மாஸ்க். உள்ளே நடந்ததை அண்ணி எனக்கு ஒருமுறை சொன்னார். குழந்தை வெளியே வந்ததும், அழுததா என்று கேட்டிருக்கிறார். கண்ணிலிருந்து கன்னம் வழியாக விரலை இறக்கிக் காட்டுவதுதான் அதற்குச் சைகை. யாருக்கும் புரியவில்லை, ஆனால் எல்லோரும் தலையாட்டினார்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டபோதும் தலையாட்டினார்கள். என்னிடம் காட்டுங்கள் என்றபோதும் தலையாட்டினார்கள். பிறகு துணியில் சுற்றிய குழந்தையை அண்ணனிடம் கொடுத்து ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பிறந்ததும் அது அழுததா, அழாமலே வந்ததா என்பது இருவருக்கும் தெரியாது. கேட்டுச் சொல்ல அந்த அறையில் அவர்களுடைய ஆள் ஒருத்தரும் இல்லை.

இந்த முறை அண்ணி எல்லாவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார். ஸ்ரீபெரும்புதூர் அரசு ஆஸ்பத்திரி. ஆண்களை உள்ளே விடமாட்டார்கள், துணைக்கு ஒரு பெண் வரலாம். நான் உள்ளே, அண்ணன் கிரில் கதவுக்கு வெளியே. உள்ளே நடப்பதை ஒன்று விடாமல் நான் சொல்ல வேண்டும். ஒரு நிபந்தனையும் வைத்தார். தெரியாததற்குத் தலையாட்டாதே என்றார். சைகையில் அதைச் சொன்னபோது அவர் முகத்தில் கன்னக்குழி இல்லை.

இதெல்லாம் நடக்க வேண்டுமானால், வலி வந்ததும் எங்களுக்குத் தெரிய வேண்டும். நானும் அண்ணனும் எச்ஆர் மேடத்திடம் போனோம். சின்ன வயசு, கெட்ட எண்ணம் இல்லாதவர். நான் சொன்னேன்: "மேடம், அண்ணனுக்குப் பேச்சே கைதான். அண்ணி கூப்பிட்டா கேமரா இல்லாம எப்படிப் பேசுவாவ? இந்த ஒரு மாசம் மட்டும் ஸ்டிக்கர் வேண்டாம், போனையும் லைன்ல கூடவே வச்சுக்கிடட்டும்." அவர் கவனமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மேனேஜ்மென்ட்டில் பேசுவதாகச் சொன்னார். பேசவும் செய்தார்.

அடுத்த வாரம் எங்களைக் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு டப்பா. "கேமராதானே இஷ்யூ? அதான் கேமராவே இல்லாத போன். இவருக்கு மட்டும் ஸ்பெஷல் பர்மிஷன், லைன்லயே பாக்கெட்ல வச்சுக்கலாம். கம்பெனி செலவு." அது ஒரு பட்டன் போன்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த டப்பாவைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் என் கையை எங்கே வைப்பது என்று என்னிடம் கேட்டார். அவர் என்ன சொல்கிறார் என்று மேடம் என்னிடம் கேட்க, நன்றி சொல்கிறார் என்றேன். பிறகு நோட்டீஸ் போர்டுக்காக ஒரு படம் எடுத்தார்கள். காது கேட்காதவருக்குப் போன் வழங்கும் படம். கேமரா கூடாத கட்டிடத்துக்குள் அதற்கு மட்டும் ஒரு கேமரா கிடைத்தது.

ஹாஸ்டல் வந்து ஆற அமர யோசித்தபோதுதான் ஒன்று தோன்றியது. போன் பேசாவிட்டால் என்ன, நடுங்குமே. அண்ணி தன் போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் அண்ணன் பாக்கெட்டில் அது நடுங்கும். நடுங்கினால் வலி. அந்த நம்பர் வேறு யாருக்கும் தெரியாது. மறுநாள் சொன்னதும் அண்ணன் என் தோளில் ஓர் அடி போட்டார், பாராட்டுதான்.

அந்த நம்பர் யாருக்கும் தெரியாது என்று நான் நம்பியதுதான் வேடிக்கை. சிம் போட்ட மூன்றாம் நாளே போன் நடுங்கியது. லைனில் நின்றுகொண்டு போனை வெளியே எடுக்கக் கூடாது. அண்ணன் வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினார். லைன் நின்றது. வெளியே போய்ப் பார்த்தால் அண்ணியின் நம்பர் இல்லை. சூப்பர்வைசர் வாங்கித் திரும்பக் கூப்பிட்டுக் கேட்டார். மணிமங்கலம் பக்கம் அப்ரூவ்டு பிளாட் இருக்கிறதாம், சனிக்கிழமை வந்தால் காரில் கூட்டிப்போய்க் காட்டுவார்களாம். மறுநாள் பிள்ளைப்பாக்கத்து பிளாட். அதற்கடுத்த நாள் மறுபடியும் மணிமங்கலம். ஒவ்வொரு தடவையும் அண்ணன் முகம் வெளுத்து ஓடுவார், தொங்கிய முகத்தோடு திரும்புவார். "இன்னாம்மா இது, பிளாட்டுக்காரன் கூப்ட்டா லைனு நிக்குதா? மேல கேக்குறாங்கோ. இன்னொரு வாட்டி நின்னுச்சின்னா மெமோதான், நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் சூப்பர்வைசர். செய்தித் தமிழில் சொல்ல அவருக்கு அன்று பொறுமை இல்லை. ஆனாலும் எனக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் உட்கார்ந்து பேசினோம். பிளாட்டுக்காரர்கள் ஒரு தடவைதான் கூப்பிடுகிறார்கள். அதனால் வலி வந்தால் அண்ணி கூப்பிட்டு உடனே கட் பண்ண வேண்டும், இப்படி விடாமல் மூன்று தடவை. சின்னச் சின்னதாக மூன்று நடுக்கம் வந்தால் மட்டும் அண்ணன் லைனை விட்டு நகர்வார். அண்ணி அங்கேயே ஒத்திகை பார்த்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு விரல் நீட்டி எண்ணினார்.

அது நடந்தது ஒரு பகல் ஷிப்டில், சாப்பாட்டுக்குச் சற்று முன்னால். அண்ணன் கை சட்டென்று நின்றதைப் பார்த்தேன். என்னைப் பார்த்து ஒரு விரல் காட்டினார். நான் அவர் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டாவது விரலை நீட்டினார். நீட்டிய விரல் மடங்கவே இல்லை. நிற்கவில்லை, நடுங்கிக்கொண்டே இருக்கிறது என்றார். சின்ன நடுக்கம் ஒன்று, அப்புறம் முடிவே இல்லாத ஒன்று. இப்படி ஒரு கணக்கு எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை. மூன்றாவதுக்காக அவர் காத்து நின்றார். வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பிளாட்டுக்காரனாக இருந்தால் மெமோ. அண்ணியாக இருந்து நாங்கள் அசையாமல் நின்றால், மறுபடியும் அந்த அறையில் அவர் தனியாக. போவோம் என்றேன்.

லைன் நின்றது. சூப்பர்வைசர் வேகமாக வந்தார். மீசை அசைந்தது, என்ன சொன்னார் என்று தெரியவில்லை. "அண்ணிக்கு வலி வந்துட்டு சார். நானும் கூடப் போவணும்" என்றேன். அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு ஒரு விரலால் மீசையை மேலே ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, நீங்கள் இருவரும் செல்லலாம் என்றார். அந்த மனிதருக்காக இன்றைக்கும் நான் வேண்டிக்கொள்வேன்.

வெளியே வந்ததும் பட்டன் போனைப் பார்த்தோம். இரண்டுமே அண்ணியின் நம்பர்தான். லாக்கரைத் திறந்து போன்களை எடுத்துக்கொண்டு ஓடினோம். லைன் இரைச்சலுக்காகக் கழற்றி வைத்த என் காது மெஷின் லாக்கர் உள்ளேயே இருந்துவிட்டது. போகும்போது ஸ்டிக்கரை செக்யூரிட்டிதான் பார்த்துப் பிரிக்க வேண்டும். அண்ணன் நடந்துகொண்டே தன் ஸ்டிக்கரை நகத்தால் கிழித்து எறிந்தார். பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கலாம். எங்கள் இருவருக்கும் அது தெரிய வழியில்லை. அதற்காக மறுவாரம் விளக்கம் எழுதி வாங்கினார்கள், நான் எழுதிக் காட்டியதைப் பார்த்து எழுதிக் கொடுத்தார் அண்ணன், முத்துமுத்தான எழுத்தில்.

பைக்கில் பின்னால் உட்கார்ந்து அண்ணன் போனில் நான் வீடியோ கால் போட்டேன். அண்ணி ஆட்டோவில் இருந்தார், பக்கத்தில் ஹவுஸ் ஓனர் அம்மா. ஸ்டிக்கரின் பசை கேமராவில் ஒட்டியிருந்ததால் நான் அவருக்குப் பனிமூட்டத்துக்குள் தெரிந்திருக்கிறேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு கையால் பைக்கைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் போனையும் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலை மட்டும் அசைத்து வருகிறோம் என்று காட்டினேன். அண்ணி தலையசைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த அம்மாவைக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டார்.

என்ன நடந்தது என்பது ஆஸ்பத்திரி வாசலில்தான் தெரிந்தது. அண்ணி ஒரு தடவை கூப்பிட்டு கட் பண்ணியிருக்கிறார். இரண்டாவது தடவை கூப்பிடும்போது ஹவுஸ் ஓனர் அம்மா மேலே வந்து பார்த்துப் பதறிப்போய், போனைக் கையிலிருந்து வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாராம். "பாவம், வாய் பேச வராத பொண்ணு போன் பண்ணிக்கினு கீதே, நாமளாச்சும் பேசுவோம்னு வாங்குனேன்மா. அந்தாளு எடுக்கவே இல்லியே" என்றார் என்னிடம். திட்டலாமா, காலில் விழலாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆட்டோ பிடித்துக் கூட்டி வந்தவரும் அவர்தான்.

பிரசவ அறை வாசலில் நர்ஸ் மாஸ்க்கை இறக்கி, நீ யாரு என்றார். தங்கச்சி என்றேன். போனை வெளியே வை என்றார். "சிஸ்டர், எனக்கும் காது கேக்காது. நீங்க பேசுறது இதுல எழுத்தா வரும். அதைப் பாத்து நான் அவங்களுக்குக் கையால சொல்லுவேன்." அவர் திரும்பி உள்ளே யாரையோ பார்த்துவிட்டு, படம் எடுக்கக் கூடாது, இன்னொரு பொம்பளையும் இருக்காங்க என்றார். அதில் நியாயம் இருந்தது. என் போனைத் திருப்பிக் காட்டினேன். அவசரத்தில் நான் பிரிக்காமல் விட்ட சிவப்பு ஸ்டிக்கர் கேமராவின் மேல் அப்படியே இருந்தது. அவர் அதை விரலால் தடவிப் பார்த்து, சரி வா என்றார்.

உள்ளே மறுபடியும் எல்லோர் முகத்திலும் மாஸ்க். கண்கள் மட்டும் அலைந்தன. அண்ணியின் தலைமாட்டில் போனை வைத்துக்கொண்டு நின்றேன். திரையில் 'மூக்கு மூக்கு' என்று வந்தது. அண்ணி என்னைப் பார்த்தார். மூக்கில் என்ன என்று நானும் நர்ஸைப் பார்த்தேன். மறுபடியும் 'மூக்கு நல்லா மூக்கு'. அண்ணியின் மூக்கைப் பார்த்தேன், அதற்கு ஒரு கேடும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது. இரண்டு முஷ்டியையும் வயிற்றுக்கு நேராக அழுத்தி, முக்கு என்று காட்டினேன். நிறுத்தச் சொன்னபோது உள்ளங்கையைக் காட்டினேன். மூச்சு விடச் சொன்னபோது நானும் விட்டுக் காட்டினேன். ஆப் என்னென்னவோ எழுதியது, நான் பாதியை ஊகித்தேன். ஊகித்ததை ஊகம் என்றே சொன்னேன். அண்ணி என் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

குழந்தை வந்தது. நர்ஸ் அதைத் தூக்கிக்கொண்டு அறையின் மூலையில் இருந்த மேஜைக்குப் போனார். இன்னொருவரும் போனார். அவர்களுடைய முதுகு மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அண்ணி என்னைப் பார்த்தார். ஒரு விரலைக் கண்ணிலிருந்து கன்னம் வழியாக இறக்கி, புருவத்தை உயர்த்தினார். அழுததா?

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. முதுகுகளில் எந்தச் செய்தியும் இல்லை. ஆம் என்று தலையாட்ட என் கழுத்து தயாராக இருந்தது, பயத்தில் கழுத்து தானாகவே அதைத்தான் செய்யப் பார்க்கிறது. தெரியவில்லை என்று கை விரித்தேன். போனைத் தூக்கி அந்த மேஜைப் பக்கம் நீட்டி, திரையை எங்கள் இருவருக்கும் நடுவில் பிடித்தேன். திரை வெறுமையாக இருந்தது. அந்த வெறுமையை நாங்கள் எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று எனக்கு நினைவில்லை. அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

[குழந்தை அழுகிறது] என்று வந்தது.

அண்ணி போனை இழுத்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கீழே இன்னொரு முறை வந்தது. [குழந்தை அழுகிறது]. நர்ஸ் திரும்பினார், குழந்தையின் வாய் அகலத் திறந்திருந்தது. நான் ஓவென்று அழுதிருக்கிறேன். நர்ஸ் என்னை அதட்டியது 'எதுக்குமா அழுவுற' என்று சரியாகவே வந்தது.

அண்ணி திரையைத் தொட்டு, இதைப் படமாக எடுத்து எனக்கு அனுப்பு என்றார். அந்தப் போனில் கேமரா இல்லாமலே எடுக்கக்கூடிய ஒரே படம் அது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். வெளியே கிரில் கதவு வழியாக அண்ணனுக்கும் காட்டினேன். அவரால் அதைப் படிக்க முடியவில்லை. நான் விரலைக் கண்ணிலிருந்து கன்னத்துக்கு இறக்கிக் காட்டினேன். உனக்குக் கேட்டதா என்றார். இல்லை, இதற்குக் கேட்டது என்றேன். கம்பிக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் வார்டில் குழந்தை அண்ணியின் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் டீ வாங்கப் போயிருந்தார். அண்ணி தன் போனில் அந்தப் படத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போனை மார்பில் வைத்துவிட்டு இரண்டு கையையும் எடுத்தார். அன்றைக்கு இது இருந்து, முதல் பிள்ளை அழுதிருந்தால், இதில் வந்திருக்குமா என்று கேட்டார்.

வந்திருக்கும் என்றேன். அழுதிருந்தால் வந்திருக்கும்.

அவர் தலையசைத்தார். அந்தப் பிள்ளையைப் பற்றி அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் கேட்டதில்லை.